ஊருணியில் ஒரு பலகைச் சுறா

முதல் நாள், கானாடுகாத்தான்

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் வீடு பார்க்க வருவார்கள், இல்லையென்றால் சாப்பிட வருவார்கள். நான் இந்த முறை சுறா பார்க்க வந்திருக்கிறேன்.

கடல் இங்கே இல்லை. ஆனால் தேவகோட்டையைத் தாண்டித் திருவாடானை வழியாகப் போனால் தொண்டி. காரைக்குடியில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் இரண்டு மணி நேரத்துக்குள் பாக் விரிகுடாவில் காலை நனைத்துவிடலாம். அந்த விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. கரையை ஒட்டி நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறாத இடங்கள் உண்டு. அந்த இடங்களில்தான் எங்கள் வேலை.

கடலியல் படித்த என் நண்பரை ரொம்ப நாளாக ஒரு கேள்வி விடாமல் பிடித்திருக்கிறது. குட்டிச் சுறாக்கள் இந்தக் கரையில் எங்கே ஒதுங்குகின்றன, எந்த மாதங்களில்? வலையில் ஏறி வந்த சுறாவைக் கரையில் எண்ணுகிறார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளாக அதைச் செய்துவருகிறது. ஆனால் அது செத்த சுறாவின் கணக்கு. உயிரோடு நீந்துவதை எண்ண வேண்டுமென்றால் மேலிருந்து பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கும் தேரோட்டத்துக்கும் ட்ரோன் பறக்கவிடுவது என் தொழில். "மாசியில் ஐந்து நாள் ஒதுக்க முடியுமா?" என்று கேட்டார். ஒதுக்கிவிட்டேன்.

கடலுக்குப் போவதற்கு முன் ஒன்று தெரிந்தாக வேண்டும். என் கேமராவுக்குத் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் வரை கண் போகும்? ஆஸ்திரேலியாவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சுறா வடிவத்தில் பலகை வெட்டி, தெரிந்த ஆழத்தில் மூழ்கவைத்து, மேலே பறந்து பார்ப்பார்கள். நாங்களும் அதையே செய்தோம். கடலில் அல்ல, ஊருணியில்.

பலகையை வெட்டித் தந்தவர் பழைய வீட்டுக் கதவுகளுக்கு மராமத்து வேலை செய்யும் ஆசாரி ஒருவர். நண்பர் காகிதத்தில் வரைந்து கொடுத்த படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "வாலு இப்படி ரெண்டு பக்கமும் சமமா இருக்காது தம்பி, மேல்வாலு நீளம்" என்றார். சுறாவின் வாலுக்கு மேல்மடல்தான் நீளம், உண்மை. சந்தையில் வாங்கிப் பழகிய கண் அவருக்கு. மேலிருந்து பார்க்கும்போது வால் கோடாகத்தான் தெரியும், அதனால் எங்களுக்கு வேண்டியது முதுகுப் பக்கத்து வடிவம் என்று நண்பர் விளக்கினார். அப்படியா என்று கேட்டுக்கொண்டு, பக்கத் துடுப்பு இரண்டும் விரிந்தபடி அளவெடுத்து ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டிக் கொடுத்தார். சாம்பலும் பழுப்பும் கலந்து நானே வண்ணம் அடித்தேன்.

குடிதண்ணீர் ஊருணியைத் தொடக் கூடாது. குளிக்கிற ஊருணி ஒன்றைப் பார்த்து, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, சாயங்காலம் நாலரைக்குப் போனோம். செம்புறாங்கல் படிகள். மாசி என்பதால் தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. பலகையின் அடியில் செங்கல் கட்டி, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் இரண்டு காற்றடைத்த டியூப்களிலிருந்து தொங்கவிட்டோம். கறுப்பும் வெள்ளையும் நாலு கால்வாசியாக அடித்த வட்டத் தட்டு ஒன்றையும் தனியாக இறக்கினோம். கலங்கலை அளக்கும் பழைய, நம்பகமான கருவி அது. தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் அன்றைய தண்ணீரின் தெளிவு. இங்கே 80 சென்டிமீட்டரில் மறைந்தது.

30 மீட்டர் உயரத்தில் நிறுத்தி, கேமராவை நேர் கீழே திருப்பினேன். அரை மீட்டரில் பலகைச் சுறா அச்சடித்த மாதிரி தெரிந்தது. ஒரு மீட்டரில் ஓர் இருட்டு, அவ்வளவுதான். அங்கே ஒன்று இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு மட்டும் தெரியும். ஒன்றரை மீட்டரில் ஒன்றுமே இல்லை.

அப்புறம் நீளத்தை அளந்தோம். அந்த உயரத்தில் என் கேமராவுக்கு ஒரு படப்புள்ளி (பிக்சல்) ஏறத்தாழ 1.2 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் ஒரு மீட்டர் பலகை 91 சென்டிமீட்டர் என்று வருகிறது. மறுபடி போட்டாலும் அதே 91. அரை மணி நேரம் குழம்பினோம். காரணம் காலடியில் இருந்தது. ட்ரோன் தன் உயரத்தைக் கிளம்பிய இடத்திலிருந்துதான் கணக்கிடும். நான் கிளப்பியது ஊருணிக் கரையில். தண்ணீர் மூன்று மீட்டர் கீழே. 30 என்று திரையில் காட்டியது உண்மையில் 33. அந்த வித்தியாசம்தான் சுறாவைச் சுருக்கிவிட்டது. கடலில் நடந்திருந்தால் வளர்ந்த சுறாவைக் குட்டி என்று எழுதியிருப்போம்.

நகரத்தார் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தில் கடலோரம் இருந்தவர்கள், கடல் கொண்ட பயத்தில்தான் இவ்வளவு உள்ளே வந்து வீட்டை மேட்டில் கட்டினார்கள் என்று இங்கே சொல்வார்கள். ஊருணிக் கரையில் உட்கார்ந்து கடலுக்குக் கணக்குப் போட்டபோது அது நினைவுக்கு வந்தது.

இரண்டாம் நாள், காரைக்குடி

காலையில் மீன் சந்தை. இன்று பறக்கும் வேலை இல்லை, பேட்டரி ஏற்றுவதும் வரைபடம் பார்ப்பதும்தான். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலம் என்றால் 400 அடி வரை பறக்கலாம். மஞ்சள், சிவப்பு என்றால் அனுமதி வேண்டும். கடலோரத்துக்கு நண்பர் ஏற்கெனவே எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறார், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் சொல்லியாயிற்று. எல்லைக் கடல், விளையாட்டில்லை.

சந்தையில் ஒரு அம்மாவின் தட்டில் ஒன்றரைச் சாண் நீளத்தில் பத்துப் பதினைந்து சுறாக்கள் அடுக்கியிருந்தன. "பால் சுறா, பிள்ளை பெத்தவளுக்குக் கொடுங்க, பால் ஊறும்" என்றார். நண்பர் ஒன்றை எடுத்துப் புரட்டி, இரண்டு பக்கத் துடுப்புகளுக்கும் நடுவே கழுத்தடியைக் காட்டினார். வெள்ளை வயிற்றில் அரை விரல் நீளத்துக்கு ஒரு கீறல். இன்னும் முழுசாக மூடவில்லை.

"அது தொப்புள்" என்றார் நண்பர்.

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. மீனுக்குத் தொப்புளா? ஆமாம். பால் சுறா முட்டை இடுவதில்லை. தாயின் வயிற்றுக்குள் குட்டி நஞ்சுக்கொடியோடு வளரும், கிட்டத்தட்ட ஒரு வருடம். ஓர் ஈற்றில் ஒன்றிலிருந்து எட்டுக் குட்டிகள் வரைதான். பிறந்த சில வாரங்களில் அந்த வடு மூடிவிடும். மூடாத வடு என்றால் பிறந்து ரொம்ப நாளாகவில்லை என்று பொருள். அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் வெட்டுறேன், இதைக் கவனிச்சதே இல்லையே" என்று இன்னொன்றை எடுத்துத் திருப்பினார். அதிலும் இருந்தது. அடுத்ததிலும்.

அவர் செய்வதில் தவறேதும் இல்லை. பால் சுறா பிடிக்கத் தடை கிடையாது; மீனவருக்கும் அவருக்கும் அது பிழைப்பு. திமிங்கலச் சுறாவுக்கும் வேளா மீனுக்கும் 2001-லேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முழுப் பாதுகாப்பு கொடுத்தது, 2022 திருத்தத்தில் பட்டியல் நீண்டது. சங்க காலத்துப் பரதவர் சினைச் சுறாவின் கொம்பை மணலில் நட்டுத் தெய்வமாகக் கும்பிட்டார்கள். அந்தக் கொம்பு வேளாவின் பல் வைத்த நீள மூக்கு. இன்று அந்த வேளாவை வலையில் பார்த்த மீனவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். சட்டம் வந்தபோது மீன் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. பால் சுறாவுக்கு அந்த நிலை வரக் கூடாது. உலகத்துச் சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒன்று அழியும் ஆபத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் முட்டை விடும் மத்தி ஒரு மோசமான வருடத்திலிருந்து மீண்டுவிடும். வருடத்துக்கு நாலைந்து குட்டி போடுகிற உயிர் மீளாது.

மத்தியானம் தங்கியிருக்கும் வீட்டு ஆச்சி சுறாப்புட்டு செய்தார். மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, உப்புத்தாள் மாதிரியான தோலை உரித்து, முள்ளெடுத்து உதிர்த்து, கையால் தண்ணீர் வடியப் பிழிந்து, சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் வதங்கிய சட்டியில் கொட்டிப் பொலபொலவென்று வரும் வரை கிளறினார். நன்றாகப் பிழியாவிட்டால் புட்டு குழைந்துவிடுமாம். சாப்பிட்டேன். காலையில் பார்த்த கீறல் நினைவில் இருந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் நாள், தொண்டி

நாலு மணிக்கே கிளம்பினோம். ஆறரைக்கு முதல் பறப்பு. காலையில் பறப்பதற்கு இரண்டு காரணம். வெயில் சாய்வாக இருக்கும்போது நேர் கீழே பார்க்கும் கேமராவில் சூரியன் பளிச்சென்று அடிக்காது. அத்தோடு காற்று எழும்புவதற்கு முன் கடல் தட்டையாக இருக்கும். லென்ஸில் தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் கண்ணாடியும் மாட்டியாயிற்று. கிளப்பியது தண்ணீர் விளிம்பிலிருந்து, ஊருணிப் பாடம்.

கரைக்கு இணையாக, உழவன் சால் ஓட்டுவது மாதிரி, போய்த் திரும்பிப் போய்த் திரும்பி. ஒரு பேட்டரிக்கு இருபது நிமிடம், நாலு பேட்டரி. முதல் இரண்டில் தெரிந்தது கடல்தாழைப் புல் படுகைகள், நடுவே வெள்ளை மணல் திட்டுகள், நண்டு வலைகளின் மிதவைகள். மூன்றாவதில் எங்கிருந்தோ ஒரு செம்பருந்து வந்து ட்ரோனை வட்டமிட்டது. கீழே இறக்கினால் பாய்ந்துவிடும். அதனால் நேர் மேலே தூக்கினேன், சட்டென்று. பருந்தால் அந்த வேகத்தில் செங்குத்தாக ஏற முடியாது. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டது. எட்டே முக்காலுக்குக் காற்று பிடித்துக்கொண்டது, தண்ணீரெல்லாம் சுருக்கம் விழுந்தது. முடித்துக்கொண்டோம்.

சுறா: பூஜ்யம். வட்டத் தட்டு 60 சென்டிமீட்டரில் மறைந்தது. அங்கே ஆழம் ஒன்றரை மீட்டர். சுறா இல்லை என்று எழுத முடியாது. மேல் 60 சென்டிமீட்டரில் ஒன்றும் தென்படவில்லை என்றுதான் எழுதலாம். நண்பர் அப்படியே எழுதினார், தட்டின் அளவையும் பக்கத்தில் குறித்தார். இந்தக் குறிப்பு இல்லாத பூஜ்யத்தை யாரும் நம்பக் கூடாது என்பது அவர் கட்சி. எனக்கும் அது சரியாகப் படுகிறது.

திரும்பும் வழியில் திருவாடானையில் சாப்பாடு. சீக்கிரம் தூங்க வேண்டும்.

நான்காம் நாள், கடலில்

இன்று கரையிலிருந்து இல்லை, நாட்டுப்படகில். படகுக்காரர் அறுபதை நெருங்குகிறவர். நேற்று எடுத்த படங்களைக் காட்டியதும், "இங்கே ஏன் பார்க்குறீங்க? நேத்து வாடை அடிச்சுக் கலக்கிவிட்டிருக்கு. தாழை முடியிற விளிம்புக்குப் போகணும்" என்றார். கம்பு ஊன்றித் தள்ளிக்கொண்டே போனார். தண்ணீர் முழங்காலளவு, தட்டு தரையைத் தொட்ட பிறகும் தெரிந்தது. இங்கே எதுவும் ஒளிய முடியாது.

படகிலிருந்து கையால் விட்டுக் கையால் பிடிக்க வேண்டும். முதலில் 30 மீட்டரில் பெரிதாகப் பார்த்தேன். திருக்கைகள் இரண்டு, மணலைக் கிளறிப் புகை மாதிரி எழுப்பிக்கொண்டு. உழுவை மீன் ஒன்று, மூக்கு முக்கோணமாக, கிடந்த இடத்தை விட்டு அசையாமல். அதற்கப்புறம் தாழையின் கரும்பச்சை முடிந்து மணல் தொடங்கும் விளிம்பில், குச்சி குச்சியாக எதுவோ அசைந்தது. 15 மீட்டருக்கு இறக்கினேன்.

ஐந்து குட்டிச் சுறாக்கள்.

மற்ற மீனும் வாலை ஆட்டித்தான் நீந்தும். ஆனால் சுறாவின் அசைவு வேறு. தலை மெல்ல இடமும் வலமும் துழாவ, அந்த வளைவு முதுகு வழியாக வழிந்து வாலில் போய் முடிகிறது. ஒன்றன்பின் ஒன்றாக விளிம்பை ஒட்டியே வந்தன. முன்னால் வந்தது தாழைக்குள் நுழைவது போலப் போய், மனம் மாறியது போல வெளியே திரும்பியது. மற்றவையும் அதே இடத்தில் திரும்பின. அவற்றின் நிழல் மணலில் ஒரு கை அகலம் தள்ளி அவற்றோடு ஓடியது. உண்மையில் என் கண் முதலில் பிடித்தது அந்த நிழலைத்தான். ட்ரோன் சத்தத்துக்கு எந்தச் சலனமும் காட்டவில்லை. பதினொரு நிமிடம் கூடவே போனேன். ரிமோட்டைப் பிடித்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. படகில் யாரும் பேசவில்லை.

அளந்ததில் 36-இலிருந்து 43 சென்டிமீட்டர் வரை. சந்தைத் தட்டில் இருந்ததைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. எந்த இனம் என்று மேலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. பால் சுறாவாக இருக்கலாம் என்று மட்டும் நண்பர் குறித்துக்கொண்டார்.

இவ்வளவு ஆழமில்லாத இடத்துக்கு ஏன் வருகின்றன? பெரிய சுறாவால் இங்கே வர முடியாது. அமெரிக்காவில் புளோரிடா கரையில் ட்ரோனில் எடுத்த படங்களில் கொம்பன் சுறா துரத்த, கருநுனிச் சுறாக்கள் அலை விளிம்பு வரை ஓடி வந்து தப்பிப்பது பதிவாகியிருக்கிறது. வளர்ந்தவற்றுக்கே அப்படியென்றால் பிறந்து ஒரு மாதமான குட்டிக்குக் கேட்கவே வேண்டாம். பிரெஞ்சு பாலினீசியாவின் மூரியா தீவில் இதே மாதிரி காயல் நீரில் ட்ரோனை வைத்தே சுறாவையும் திருக்கையையும் எண்ணி, 2016-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். கலிபோர்னியாவில் 26 கடற்கரைகளில் 1,644 முறை பறந்து, குட்டி வெள்ளைச் சுறாக்கள் அதிகம் கூடும் இரண்டு இடங்களில் 97 சதவீத நாட்களில் அவையும் குளிக்கிற ஜனங்களும் ஒரே தண்ணீரில் இருந்ததைக் கண்டார்கள். 2023-இல் வந்த ஆய்வு அது. அங்கே கேள்வி மனிதனின் பாதுகாப்பைச் சுற்றியே தொடங்கியது. எங்களுக்கு இந்த ஐந்தும் மாசியைத் தாண்டுமா என்பதுதான் கேள்வி. அவை திரும்பிய இடத்திலிருந்து நூறு அடியில் ஒரு நண்டு வலை கிடந்தது.

"அப்போ இது குட்டி வளர்க்கிற இடம்னு எழுதிடலாமா?" என்று கேட்டேன். நண்பர் தலையை அசைத்தார். அப்படிச் சொல்ல மூன்று நிரூபணம் வேண்டுமாம். மற்ற இடங்களைவிட இங்கே குட்டிகள் அதிகம் தென்பட வேண்டும். வந்தவை நாள்கணக்கில் தங்க வேண்டும், அல்லது திரும்பி வர வேண்டும். வருடா வருடம் இது நடக்க வேண்டும். நம்மிடம் இருப்பது ஒரு காலை, பதினொரு நிமிடம்.

ஐந்தாம் நாள், கானாடுகாத்தான்

ட்ரோனை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தேன், மோட்டார் இடுக்குகளைத் தூரிகையால். உப்பு ஒரே வாரத்தில் அரித்துவிடும்.

மத்தியானம் வளவில் உட்கார்ந்து ஆச்சிக்குப் படத்தைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். "இதுக்குப் பக்கத்துல தாய் எங்கே?" என்று கேட்டார். தாய் இல்லை, ஈன்றதும் போய்விடும் என்றேன். "பிறந்த அன்னைக்கே தன் பாட்டைத் தானே பார்க்கணுமா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, பெரிய சுறாவில் புட்டு செய்தால் கசப்பு தட்டும் என்று சொல்வது பழக்கம்தான், நன்றாகக் கழுவினால் தட்டாது என்று தானாகவே சொன்னார்.

நேற்று இரவே இந்தக் குறிப்பைப் போட்டிருக்க வேண்டும். போடாததற்குக் காரணம் படகுக்காரர். கரை சேர்ந்ததும் கூலியை வாங்கிக்கொண்டு, நண்பரை விட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, நீங்க நாலு பேருக்குக் காட்டணும்னு எடுத்தீங்க, நல்லது. இடத்தைச் சொல்லிட்டீங்கன்னா அடுத்த வாரம் அங்கே வலை நிக்கும். நான் காட்டினதால போச்சுன்னு இருக்கக் கூடாது."

அவர் சொன்னது சரி. எங்கே மீனைக் காப்பாற்ற வேண்டும் என்று காட்டும் அதே படம் எங்கே மீன் பிடிக்கலாம் என்றும் காட்டும். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் ஆவுளியா என்கிற கடற்பசுவுக்காக 2022-இல் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. அது கடல்தாழைப் படுகைகளையும் சேர்த்துக் காக்கிறது. தெற்கே இந்தப் பக்கம் அந்த எல்லைக்குள் வராது. ஒரு விளிம்பில் குட்டி கூடும் மாதங்களில் மட்டும் வலை போட வேண்டாம் என்று அந்த ஊர்க்காரர்களே முடிவெடுத்தால், அதுவே இப்போதைக்குப் பெரிய வேலை. அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டியவர் படகுக்காரர் மாதிரி ஒருவர்தான். நண்பர் பங்குனியிலும் சித்திரையிலும் அதே கோட்டில் பறக்கத் திட்டமிட்டிருக்கிறார். சித்திரை 2 வாக்கில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் தொடங்கும், கடல் அமைதியாக இருக்கும். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ட்ரோன் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த இடத்தின் எண்கள் தானாகவே பதிந்துவிடும். இன்று காலை உட்கார்ந்து, வெளியே காட்டப் போகும் எல்லாப் படங்களிலிருந்தும் அவற்றை நீக்கினேன். தூரத்தில் கரை தெரிகிற இரண்டு படங்களை எடுத்தே விட்டேன். நான்காம் நாள் தலைப்பில் ஊர்ப் பெயர் இல்லாததற்கு இதுதான் காரணம். முழுப் பதிவு நண்பரிடம் இருக்கிறது, அதன் ஒரு படி படகுக்காரர் மகனின் போனிலும்.